கேடிஎம் ஜெயஸ்ரீ சும்மாதான் இருக்காங்க

செஞ்சி பஜார்ல போய் ஜெயஸ்ரீ வூடு எதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கேடிஎம் அக்கா வூடுன்னு கேட்டுப் பாருங்க, டீக்கடைக்காரரு கிளாஸக் கழுவிக்கினே கைய நீட்டுவாரு. அந்தப் பேரு ஊரு எனக்குக் குடுத்த பட்டம். அத எவ்ளோ பெருமையா சுமந்துக்கினு திரிஞ்சேன்னு இப்ப நெனச்சா, எனக்கே என் மூஞ்சியக் கண்ணாடியில பாக்க வெக்கமா இருக்குது.

நான் பண்றது நகை பத்த வைக்கிற வேலை. அறுந்த செயினு, திருகு போன தோடு, கொக்கி உடைஞ்ச வளையலு, எல்லாம் எங்கிட்டதான் வரும். உடைஞ்ச எடத்துல பொடி வச்சு, ஊதுகொழாயால நெருப்ப ஊதினா, பொடி உருகி ஓடிப் போய் ரெண்டு பக்கத்தையும் புடிச்சுக்கும். முன்னெல்லாம் அந்தப் பொடியில செம்பும் வெள்ளியும் கலப்பாங்க. அப்பறமா நகைய உருக்கினா தரம் கொறைஞ்சு போவும். அதுக்குப் பொறவு கேட்மியம்னு ஒரு உலோகம் வந்துச்சு. தங்கத்துல அதக் கலந்து பத்த வச்சா, சூட்டுல அது ஆவியாப் பூடும், தங்கம் மட்டும் நிக்கும். அதான் கேடிஎம் நகை. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போறவங்க, "கேடிஎம்தானே?"ன்னு கேட்டுட்டுத்தான் சேர்ல ஒக்காருவாங்க. கேட்டவங்களுக்கும் அது இன்னான்னு தெரியாது, வித்தவங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆவியாப் பூடும்னு தெரியும். ஆவியாகி எங்க போவும்னு மட்டும் ஒரு நாளும் யோசிக்கல. என் அறிவு அவ்ளோதான்.

நான் ஆசாரி வூட்டுப் பொண்ணு இல்ல. சீயமங்கலத்துப் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் போட்ட குடும்பம். செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்துல பொறந்தவளாச்சே, பத்தாவதுல கணக்குல கோட்ட விட்டேன். எங்க நைனா பச்சைமுத்து, "போ, போயி பட்டறையில செயின் கோர்க்கக் கத்துக்க"ன்னு பஸ் ஏத்தி வுட்டுட்டாரு. எனக்குக் கண்ணு கூர்மை, கை ஆடாது. கோர்க்கப் போனவ ஊதக் கத்துக்கினேன். அங்க வேலை பாத்த ஆம்பளைங்க ஒரு திருக பத்த வைக்கிறதுக்குள்ள நான் மூணு முடிச்சுட்டு அவங்கள வம்புக்கு இழுத்துக்கினு இருப்பேன். அந்த வம்புல மாட்டுனவருதான் எங்க வூட்டுக்காரரு சிவசங்கர்.

கல்யாணத்துக்கு அப்பறம் வேலைய வூட்டுக்கே கொண்டாந்துட்டோம். அவரு டிவிஎஸ் வண்டியில கடை கடையாப் போயி உடைஞ்சத வாங்கியாருவாரு. நான் ஊதுவேன். அவரு திருப்பிக் கொண்டு போயி தன் கைவேலைன்னு குடுப்பாரு. ஒரு தடவ கடையில வச்சு, "இங்கயே ஒண்ண பத்த வச்சுக் காட்டுங்களேன்"னு யாரோ கேட்டுட்டாங்க. மனுஷன் வெரல சுட்டுக்கினு வந்து நின்னாரு. ஊதுறது நான்தான்னு பஜாருக்கே தெரிஞ்சு போச்சு, அன்னிக்குப் புடிச்சுதான் நான் கேடிஎம் அக்கா.

இப்ப அந்த ரூமப் பத்திச் சொல்லணும். எங்க முன் ரூமுதான் பட்டறை. ஃபேன் போடக் கூடாது, காத்து பட்டா சுடர் ஆடும். கதவ சாத்தணும், பொடி பறந்துடும். ஜன்னல்ல ஒரு சந்து இருந்துது, அதுலயும் சாக்க மடிச்சு அடைச்சு வச்சேன். கடைக்காரங்க எடை போட்டுக் குடுத்தத எடை போட்டுத்தான் வாங்குவாங்க. ஒரு துளி தங்கத் தூளு வெளிய போச்சுன்னா நான்தான திருடின்னு பேர் வாங்கணும்? அதனால ஒரு ஈ உள்ள வரணும்னாலும் எங்கிட்ட பர்மிஷன் வாங்கணும். ஊதும்போது மஞ்சளா ஒரு பொகை எழும்பும். நாக்குல சாவிய நக்கினாப்புல ருசி தெரியும். தங்கத்த ஒரு இம்மி வுடாமக் காப்பாத்திட்டேன்னு கால நீட்டி ஒக்காந்து பெருமூச்சு வேற வுடுவேன். பெருமூச்சுன்னா சும்மாவா, அந்த ரூமுல இருந்த அத்தனையும் உள்ள போற மாதிரி நல்லா இழுத்து வுடுவேன்.

எங்க ஒரே பொண்ணு மணிமொழி. ஸ்கூல் வுட்டு வந்தா அந்த ரூமுலதான் ஒக்காந்து படிக்கும். வூட்டுல டேபிள் இருந்தது அங்க மட்டுந்தான். "அம்மா, ஃபேன் போடும்மா"ன்னு கேக்கும். "படிக்கிற புள்ளைக்கு ஃபேன் இன்னாத்துக்கு? வேர்த்தாதான் மூள வேலை செய்யும்"பேன். இதச் சொன்னது பத்தாவது ஃபெயிலு.

ஹால்மார்க் வந்த பொறவு கேட்மியம் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. துத்தநாகம் கலந்த பொடி வந்திருக்குதுன்னு வூட்டுக்காரரு ஒரு பொட்டலம் வாங்கியாந்தாரு. வச்சு ஊதிப் பாத்தேன், ஓட்டம் சரியில்ல. "இதெல்லாம் கை வராதவங்களுக்குங்க"ன்னு மூலையில தூக்கிப் போட்டேன். புது நகைக்குத்தான சட்டம், ரிப்பேருக்கு வர்ற பழசை யாரு பாக்கப் போறாங்க? பழைய பொடியவே ஓசப்படாம வாங்கி ஊதிக்கினு இருந்தேன்.

இதுக்கு நடுவுல ஒடம்பு மெள்ள மெள்ள மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. மொதல்ல இடுப்பு. அப்பறம் தொடை எலும்பு. ஞாயித்துக்கெழமை ஆனா எங்கெங்கிருந்தோ வந்து ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு ஏறுறாங்க, நான் எங்க வூட்டு வாசப்படி ஏற செவுத்தப் புடிச்சுக்கினு நிக்கிறேன். டாக்டருங்க கால்சியம் எழுதிக் குடுத்தாங்க. வெறும் மாத்திரையோட வுடுவனா நான்? கேப்பக்களி, முருங்கக்கீரை, நெத்திலி, முட்ட, எள்ளுருண்டன்னு ஒண்ணு வுடல. தெருவுல எவளாவது முட்டி வலின்னா கூப்பிட்டு ஒக்கார வச்சு கால்சியத்தப் பத்தி கிளாஸ் எடுப்பேன். கிளாஸ் முடிஞ்சு அவ எழுந்து போயிடுவா, நான் எழுந்திருக்க முடியாம அங்கயே கெடப்பேன்.

போன எடத்துலல்லாம் டாக்டருங்க ஒரு கேள்வி கேட்டாங்க. "என்னம்மா வேலை பாக்குறீங்க?" நான் சொன்ன பதிலு: "வேலையெல்லாம் இல்லீங்க சார். வூட்டுல சும்மாதான் இருக்கேன்."

ஏன் அப்பிடிச் சொன்னன்னு கேட்டா எனக்கே பாதிதான் தெரியும். கூடாதுன்னு சொன்ன பொடிய வச்சு ஊதுறோமேன்னு ஒரு பயம், அது பாதி. மீதி பாதி பழக்கம். எங்க தெருவுல பீடி சுத்துறவ, பூ கட்றவ, மாட்டுக்குப் புல்லறுக்கப் போறவ, யார வேணா கேளுங்க, சும்மாதான் இருக்கேன்னுதான் சொல்லுவா. ஆபீசுக்குப் போயி சேர்ல ஒக்காந்தாதான் வேலை. நான் தரையில ஒக்காந்துதான ஊதுறேன்? பஜாரெல்லாம் கேடிஎம் அக்கான்னு நெஞ்ச நிமுத்திக்கினு நடப்பேன். ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா நான் சும்மா.

போன தை மாசம் அடுப்புலருந்து குக்கரத் தூக்கினேன். மணிக்கட்டுல டக்குன்னுச்சு. குக்கர் கீழ வுழல, சோறு சிந்தல, எலும்புதான் போச்சு. கட்டு போட்டாங்க. கட்டப் பிரிச்சுப் பாத்தா எலும்பு சரியா சேரல. பாண்டிக்குப் போங்கன்னுட்டாங்க. அங்க ஒரு டாக்டரம்மா, வயசு முப்பது இருக்கும். பழைய பேப்பரையெல்லாம் பொறட்டிப் பாத்துட்டு, "இவ்வளவு கால்சியம் சாப்பிட்டும் எலும்பு இப்படி இருக்கே, யூரின்ல புரோட்டீன் வேற போகுது. என்ன வேலைம்மா பாக்குறீங்க?"ன்னாங்க. நான் வாயத் தொறந்து சும்மா...ன்னு ஆரம்பிச்சேன். பக்கத்துல நின்ன எங்க வூட்டுக்காரரு அதுக்குள்ள, "கை எப்ப மேடம் சரியாவும்? நாலு கடை நகை பத்த வைக்காம நிக்குது"ன்னு பொலம்பிட்டாரு.

நான் அவரு கால மிதிச்சேன். லேட்டு.

டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டாங்க. இன்னா பொடி, எந்த ரூமு, ஜன்னலு இருக்குதா. சாக்கு கதையக் கேட்டப்ப எழுதறத நிறுத்திட்டு என்னியவே பாத்தாங்க. மூத்திரத்த எடுத்து சென்னைக்கு அனுப்பினாங்க. வூட்டுக்காரருக்கும் எடுத்தாங்க. ரிசல்ட் வந்தப்ப அவருக்கு ஒண்ணும் பெருசா இல்ல. ரூமுக்குள்ள காலு வச்சா திட்டு வுழும்னு வெளியவே சுத்துன மனுஷன் தப்பிச்சுட்டாரு. எனக்கு, டாக்டரம்மா பேப்பர என் பக்கம் திருப்பி, "நிறைய இருக்கும்மா"ன்னாங்க.

அவங்க சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நம்ம ஒடம்புல துத்தநாகத்துக்குன்னு ஒரு எடம் இருக்குதாம், கேட்மியம் உள்ள போனா அந்த எடத்துல இது போயி ஒக்காந்துக்குமாம். ஒக்காந்தா லேசுல எழுந்திருக்காது, பத்து இருபது வருஷம் ஆனாலும் கிட்னியிலயே கெடக்கும். கிட்னி கெட்டா, சாப்புட்ற கால்சியம் எலும்புக்குப் போயி நிக்காது, எலும்புல இருந்ததும் கரைஞ்சு மூத்திரத்துல போவும். நான் தின்ன கேப்பக்களி நெத்திலி அத்தனையும் எங்க போச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பொடியிலயும் துத்தநாகத்த மூலையில தூக்கிப் போட்டேன், ஒடம்புலயும் அதையே பண்ணி வச்சிருக்கேன். எனக்கு அங்கயே சிரிப்பு வந்துருச்சு. டாக்டரம்மா சிரிக்கல.

"எடுக்கறதுக்கு மருந்து இல்லீங்களா?"ன்னேன்.

"உள்ள போனதை எடுக்க நல்ல மருந்து இல்லம்மா. இனிமே போகாமப் பாத்துக்கணும். வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"நாங்க ரெண்டு பேருதான். பொண்ண அவலூர்பேட்டையில கட்டிக் குடுத்திருக்கோம். ஏழு மாசம். வளைகாப்பு முடிஞ்சுது. தலைச்சன் பிரசவம் இல்லீங்களா, வர்ற வெள்ளிக்கெழம நம்ம வூட்டுக்கு அழைச்சுக்கினு வர்றோம்."

"பொண்ணுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கு?"

"அது எப்பவுமே கம்மிதாங்க. மாத்திரை போட்டும் ஏற மாட்டேங்குது."

டாக்டரம்மா பேனாவ கீழ வச்சாங்க. "அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க. ரத்தத்துல இரும்பு கம்மியா இருக்கிற உடம்பு, இரும்பைத் தேடித் தேடி எடுக்கும். அப்போ இதையும் சேர்த்து எடுத்துக்கும். உங்க வீட்டுத் தரையில, தலைகாணியில, பாத்திரத்துல எல்லாம் அந்தத் தூசி இருக்கும். கர்ப்பத்துல போனா, நஞ்சுக்கொடியில தங்கிக்கிட்டு, குழந்தைக்குப் போக வேண்டிய துத்தநாகத்தை மறிக்கும். குழந்தை எடை குறையலாம். பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

எனக்கு எலும்பு போனப்பகூட அப்பிடி வலிக்கல.

இனிமே ஊத மாட்டேன், அது அன்னிக்கே முடிவு. ஆனா மணிமொழி கிட்ட, அவ மாமியாரு ரத்தினம்மாள் கிட்ட, இத எப்பிடிச் சொல்றது? அந்தம்மா முன்னாடி நான் அடிச்ச தம்பட்டம் கொஞ்சநஞ்சமில்ல. "எம் பொண்ணு தலைச்சன் பிரசவத்தப் பாருங்க, ராணி மாதிரி பாத்துக்குவேன்"னு வளைகாப்புல ஊர்க்கூட்டத்துக்கு நடுவுல சொன்னவ. இப்பப் போயி, எங்க வூட்டுல வெஷம், பொண்ணு வளந்ததும் அதுலதான்னு சொன்னா? வெஷம் ஏறின பொண்ண எங்க தலையில கட்டிட்டியான்னு கேட்டுட்டா? எம் பொண்ணு வாழ்க்க இன்னா ஆவும்? சொல்லாம வுட்டாலோ, அது பையத் தூக்கிக்கினு வெள்ளிக்கெழம வந்து அந்த ரூமுக்குப் பக்கத்துல படுத்துக்கும். யோசிச்சு யோசிச்சு, நம்ம புத்திக்கு எட்டின வழியக் கண்டுபுடிச்சேன். பொய் சொல்றது.

வெள்ளிக்கெழம காலையில அவலூர்பேட்டை போனோம். மணிமொழி பொடவையெல்லாம் மடிச்சு வச்சுக்கினு, பையோட ரெடியா கூடத்துல நிக்குது. கண்ணெல்லாம் சிரிப்பு. மாப்ள தேவேந்திரன் வேலைக்குப் போயிருந்தாரு. நான் தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிச்சேன்.

"சம்பந்தியம்மா, வூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். அந்த வாசன புள்ளத்தாச்சிக்கு ஆவாது பாருங்க..."

"ஆவாதுதான்"ன்னாங்க ரத்தினம்மாள். "அடுத்த வெள்ளிக்கெழம வந்து கூட்டிக்கினு போங்க."

"அடுத்த வாரம் செப்டிக் டேங்க் தோண்டச் சொல்லியிருக்கோம்."

"சரி, அதுக்கு அடுத்த வாரம்."

"அப்ப... மேல தளம் ஒழுவுது, ஒடைச்சுப் போடணும்..."

எங்க வூட்டுக்காரரு ஃபேனையே பாத்துக்கினு ஒக்காந்திருந்தாரு. இவ இன்னும் இன்னான்னா ஒடைக்கப் போறாளோன்னு அவருக்குப் பயம்.

ரத்தினம்மாள் இடுப்புல கைய வச்சாங்க. "இன்னா சம்பந்தி, வூட்ட இடிச்சுக் கட்றீங்களா, இல்ல பொண்ணக் கூட்டிக்கினு போவ மனசு இல்லையா? அத நேரா சொல்லுங்களேன்."

அப்பத்தான் மணிமொழியப் பாத்தேன். பைய இன்னும் கீழ வைக்கல. அந்த சிரிப்பு மட்டும் போயிடுச்சு. "நான் வர வேணாமாம்மா?"ன்னு கேட்டுச்சு. பாவிப் பொண்ணு, அது கொரல்ல கோவம் இருந்திருந்தாக்கூட நான் நாலாவது பொய் ஒண்ணு சொல்லியிருப்பேன்.

சொல்லிட்டேன். கேட்மியம், பொகை, சாக்கு, எலும்பு, டாக்டரம்மா சொன்னது, எல்லாத்தையும். அழுவக் கூடாதுன்னு நெனச்சேன், மூக்கு ஒழுவிச்சு.

ரத்தினம்மாள் கை அவங்க கழுத்துச் செயினுக்குப் போச்சு. "இது நீ பத்த வச்சதுதான?"

"போட்டுக்கறதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. ஊதுறவளுக்குத்தான்."

"பொண்ணு பாக்க வந்தப்ப இது தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது சம்பந்தியம்மா. தெரிஞ்சிருந்தா நானே இழுத்திருப்பனா அந்தப் பொகைய?"

அவங்க என்னிய மேலயும் கீழயும் பாத்தாங்க. வீங்குன மணிக்கட்டுல பார்வ நின்னுச்சு. நாலு வார்த்த கேப்பாங்கன்னு தலையக் குனிஞ்சுக்கினேன். "மணி இங்கயே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே கூட்டிக்கினு போவலாம், அவன லீவு போடச் சொல்றேன்"ன்னு சொல்லிட்டு மாப்ளைக்குப் போன் போட எழுந்து போயிட்டாங்க. அந்தம்மாவ நான் எங்க தெருவுல எப்பிடியெல்லாம் பேசியிருக்கேன் தெரியுமா? கடவுளே.

மணிமொழி பைய கீழ வச்சுச்சு.

"அம்மா, நான் ஒண்ணாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் அந்த ரூம்லதான படிச்சேன்?"

எனக்குத் தெரியும் இந்தக் கேள்வி வரும்னு. பொய்யி மாட்டிக்கினா சொல்லலாம்னு வர்ற வழியெல்லாம் ஒரு பதில் தயார் பண்ணினேன். நீ கதவுப் பக்கம்தான ஒக்காருவ, ஒனக்கு அவ்ளோ பட்டிருக்காதுன்னு. வாய் வரைக்கும் வந்துது.

"ஆமாண்டி"ன்னேன்.

அது வயித்துல ரெண்டு கையையும் வச்சுக்கினு உள்ள போயிடுச்சு. அது பின்னாடியே போவறதா, கால்ல வுழறதா, இன்னா பண்றதுன்னு தெரியல. நான் இத்தன வருஷம் காப்பாத்துன தங்கத் தூளையெல்லாம் கூட்டி அள்ளினா ஒரு மூக்குத்திக்குக் காணாது. அதுக்காகவா ஒரு கொழந்தைய உள்ள வச்சு கதவச் சாத்தினேன்? வாய்விட்டுச் சொல்லிட்டேன் போல, எங்க வூட்டுக்காரரு என் தோளத் தொட்டாரு.

சாப்பாட்டு நேரம் ஆச்சு. மணிமொழி எல போட்டு, தண்ணி வச்சு, சோறு கொண்டாந்துச்சு. மூஞ்சிய நிமிந்து பாக்கல. நான் எப்பவும் போல அது தலையத் தடவலாம்னு கைய நீட்டினேன். அது ஒரு அடி பின்னாடி போச்சு.

"மொதல்ல போயி கைய கழுவும்மா. சோப்பு போட்டு."

போனேன். கொல்லையில கொழாய தொறந்து வுட்டு, சோப்ப எடுத்துத் தேச்சேன். நகக்கண்ணு, வெரலிடுக்கு, முழங்கை வரைக்கும். அலசிட்டு மறுபடியும் தேச்சேன். மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு வலிக்குது, வுடல. இந்தக் கையால ஊட்டினேன், தல பின்னினேன், ஜொரம்னா நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். எவ்ளோ தேச்சா போவும்னு டாக்டரம்மாவக் கேக்காம வந்துட்டேன். சோறு ஆறிப் போயிருக்கும், நான் தேச்சுக்கினே இருக்கேன்.

மணிமொழி எப்ப வந்துச்சுன்னு தெரியல. என் பக்கத்துல நின்னு கொழாய மூடிச்சு. "போதும், வா"ன்னுச்சு.